உள்ளே ஒன்று, வெளியே இரண்டு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எந்தத் தோட்டத்திலும் பிறக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆபீசில், வயிற்றுப்பாட்டுக்காக நான் தமிழாக்கிக்கொண்டிருந்த தொழில்நுட்பக் கையேடு ஒன்றின் பதினோராம் பக்கத்தில் பிறந்தது. பிராக்ஸி சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் கையேடு. கொட்டாவி வரவழைக்கும் சமாச்சாரம்தான். ஆனால் ஒரு விதியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

விதி இதுதான்: பதில் வரவில்லை என்பதற்காக, இடையில் நிற்பவன் எல்லாக் கோரிக்கையையும் தன்னிஷ்டத்துக்கு மறுபடி அனுப்பக்கூடாது.

விளக்குகிறேன், பயப்படாதீர்கள். உங்கள் போனுக்கும் எங்கோ இருக்கிற சர்வருக்கும் நடுவில் நின்று, இங்கே வாங்கி அங்கே கொடுப்பதுதான் பிராக்ஸியின் வேலை. அதன் வழியாகப் போகும் கோரிக்கைகளில் பல வகை உண்டு. ‘மோட்டார் ஓடுகிறதா?’ என்று கேட்பது கெட். நூறு தடவை கேட்டாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. ‘மோட்டார் நின்றிருக்கட்டும்’ என்பது புட். நின்ற மோட்டாரை மறுபடி நிறுத்தச் சொன்னாலும் அது நின்றபடியே நிற்கும். ‘இந்தா, இதைச் செய்’ என்று தள்ளிவிடுவது போஸ்ட். இரண்டு தடவை போனால் இரண்டு தடவை நடந்துவிடும். ஆகவே கெட்டையும் புட்டையும் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம், போஸ்ட்டை மட்டும் கூடாது. ‘பதில் வரவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பியவரிடம் சொல்லிவிட்டு பிராக்ஸி ஒதுங்கிவிட வேண்டும். இந்தக் கதைக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும்.

(அடிக்குறிப்பு, கீழே போட இடமில்லாததால் இங்கேயே: அதே கையேட்டில் இன்னொன்றும் இருந்தது. தனக்குப் புரியாத வகைக் கோரிக்கை வந்தாலும், பிராக்ஸி அதைத் திருத்தாமல் அப்படியே அந்தப் பக்கம் கொடுக்கவேண்டுமாம். எழுத்தாளர்களுக்கு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்தால் தேவலை. முதலில் எனக்கு.)

2

தொடக்கங்கள்.

“பவானியும் காவிரியும் கூடும் இடத்தில், மாசி மாதத்து வெயில் மெல்ல—” இல்லை. இந்தக் கதையில் வரும் ராசம்மாளின் தோட்டம் அன்னூர்ப் பக்கம். கூடுதுறை அங்கே எதற்கு வந்தது? அழகுக்கு. வெட்கங்கெட்ட புத்தி, அடித்துவிட்டேன்.

“நாம் எல்லோருமே ஒருவகையில் பிராக்ஸிகள்தான்—” சேச்சே. கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதுகிறேனா என்ன.

“அன்புச்செல்வி நல்லவள்.” இது பொய்யில்லை. ஆனால் அவள் செய்த தப்பைச் சொல்லாமல் இப்படி ஆரம்பித்தால், அவளுக்குக் குடை பிடிப்பதாகிவிடும். தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கம்பெனி. விவசாய மோட்டாரைப் போனிலிருந்தே இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறது. பெயர் வைக்கமாட்டேன். கற்பனைக் கம்பெனிக்குப் பெயர் வைத்தால் நிஜக் கம்பெனி எதுவாவது அது நாங்கள்தான் என்று சண்டைக்கு வரும். முதலாளி சுந்தரராஜுலு. அங்கே பிராக்ஸியைப் பார்த்துக்கொள்வது அன்புச்செல்வி. முப்பத்து மூன்று வயது. அவளுடைய அப்பா பிரான்சிஸ், அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியே காலத்தை ஓட்டியவர். அதனால் மோட்டார் என்றால் அவளுக்குத் திரையில் ஓடும் எழுத்து மட்டுமல்ல, அதன் சத்தமும் தெரியும்.

இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். ஒன்று கொடுத்தால் மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். வயலுக்குப் போகாமல், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபடியே தண்ணீர் விட்டவர்கள் உண்டு. கம்பெனி புதிதாகச் செயலி கொண்டுவந்தபோது, ஓட்டுவதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று என இரண்டு பட்டன் வைக்கலாம் என்று அன்புச்செல்வி சொன்னாள். சுந்தரராஜுலு சிரித்தார். “மிஸ்டு கால்ல பழகுன சனம் அம்மணி. ரெண்டு பட்டன் வெச்சாக் கொழம்பிப்போகும். ஒண்ணே வைங்க.”

ஒன்றே வைத்தார்கள். அழுத்தினால் ஓடுவது நிற்கும், நிற்பது ஓடும். வகை, போஸ்ட்.

அப்புறம், ஊர்ப்பக்கம் சிக்னல் மோசம் என்பதால், கூட வேலை செய்யும் யஷ்வந்த் பிராக்ஸியில் ஒரு வரி சேர்த்தான். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் இன்னொரு தடவை அனுப்பு என்று. நல்ல எண்ணம்தான். ‘மோட்டார் ஓடுகிறதா?’ என்கிற கேள்வியை வைத்துச் சோதித்தான், அழகாக வேலை செய்தது. ஆனால் அந்த வரியை எல்லா வகைக்கும் போட்டுவிட்டான். அதைப் பார்த்துச் சரி என்று சொல்லவேண்டியவள் அன்புச்செல்வி. அன்றைக்கு இதுபோலப் பதினான்கு வேலை அவள் முன்னால் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

4

சென்னியப்பனும் ராசம்மாளும் மூன்று ஏக்கரில் வாழை வைத்திருக்கிறார்கள். போர்வெல்லில் இருந்து தண்ணீரைத் தள்ளுவதற்கு, மோட்டாரில் பெல்ட் போட்டு ஓட்டும் கம்ப்ரசர். புதுப் பெட்டியில் கையால் அழுத்தும் சுவிட்சே கிடையாது, எல்லாம் போனில்தான். பிப்ரவரியில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். பெல்ட் நழுவுகிற சத்தம் கேட்டு சென்னியப்பன் போய்ப் பார்த்தான். போன் வீட்டு வாசலில் நின்ற ராசம்மாளிடம் இருந்தது.

“ஏ புள்ள, மோட்டாரை நிறுத்து!”

அவள் அழுத்தினாள். மோட்டார் நின்றது. பெட்டிக்குக் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ‘நின்றுவிட்டது’ என்கிற பதில் மட்டும் சிக்னல் இல்லாமல் வழியில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. பெல்ட் சுற்றி ஓயும் வரை பார்த்திருந்துவிட்டு சென்னியப்பன் கையை வைத்தான். பத்தாவது நொடியில், யாரும் கேட்காமலே, பிராக்ஸி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியது.

மோட்டார் ஓடியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

இதை எழுதும்போது எனக்கே கை கூசியது. விவரிக்க ஒரு பத்தி எழுதினேன், எடுத்துவிட்டேன்.

ராசம்மாள் கம்பெனிக்குப் போன் செய்தாள். “நானு ஒருக்காத்தானுங்க அழுத்துனேன். அது எப்படீங்க தானா ஓடும்?” சர்வீஸ் ஆள் சர்வரில் இருக்கும் பதிவைப் பார்த்தான். பத்து நொடி இடைவெளியில் இரண்டு கட்டளை. “ரெண்டு வாட்டி அழுத்தியிருக்கீங்கம்மா, இங்க தெளிவா இருக்குது” என்றான். அவனுக்குத் தெரிந்ததை அவன் சொன்னான்.

அந்த ஒரு வார்த்தை ஊரைச் சுற்றியது. மிஸ்டு கால் கொடுத்துப் பழகியவர்களுக்கு அதை நம்புவதும் சுலபமாக இருந்தது. ஒன்று போகவில்லையோ என்று இன்னொன்று கொடுப்பதுதானே எல்லோருடைய வழக்கமும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சென்னியப்பன், “என்ற பொண்டாட்டிதான், ரெண்டு வாட்டி அழுத்திப்போட்டா” என்றான். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்: “புருசன் கை உள்ள இருக்கறது தெரிஞ்சுமா அழுத்துனே?” வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பன் போனை வாங்கி வைத்துக்கொண்டான். அவளோடு பேச்சையும் நிறுத்திவிட்டான்.

5

இப்போது என் தப்பு.

இந்தக் கதையின் முதல் வரைவில் நான் இப்படி எழுதியிருந்தேன்: “அவள் விரல் ஒருமுறை பட்டதா, இருமுறை பட்டதா என்பது அவளுக்கும் அந்த வெயிலுக்கும் மட்டுமே தெரியும்.”

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா அந்த வாக்கியத்துக்கு! இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். “அபாரம், உண்மை என்ன என்று சொல்லாமல் விட்டாய் பார், அங்கேதான் நீ நிற்கிறாய்” என்று எழுதியிருந்தார். இந்த மாதிரிக் கதைகளில் அதுதானே வித்தை. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று வாசகரின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவுவது. நானும் பத்துக் கதை அப்படி எழுதிப் பேர் வாங்கியவன்தான்.

மறுநாள் கம்பெனியின் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். கதைக்குள் வரும் அறிக்கை. சுந்தரராஜுலு எப்படி எழுதுவார் என்று யோசித்து எழுதினேன்: “பயனர் பதற்றத்தில் இருமுறை அழுத்தியிருக்க வாய்ப்புண்டு.” எழுதிவிட்டு மேலே பார்த்தால், என்னுடைய அபாரமான வாக்கியமும் இதுவும் ஒன்றையேதான் சொல்கின்றன. என்னுடையதில் வெயில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பெண்ணின் தலையில் பழி ஏறிக்கொண்டிருக்கிறது, நான் அங்கே உட்கார்ந்து நயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! அந்த வாக்கியத்தை எடுத்தாயிற்று. நண்பர் வருத்தப்படுவார். படட்டும்.

இந்தக் கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். வாழைக்குப் பதில் மஞ்சள் வையுங்கள். அன்னூரை அவிநாசி ஆக்குங்கள். அன்புச்செல்விக்கு உங்கள் அக்கா பெயரை வையுங்கள். ராசம்மாள் எத்தனை தடவை அழுத்தினாள் என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். அது உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

6

அன்புச்செல்வி பிராக்ஸியின் பதிவைத் திறந்து பார்த்தாள். சர்வரின் பதிவில் வெளியே போய்ச் சேர்ந்தது மட்டும்தான் தெரியும். பிராக்ஸியின் பதிவில் உள்ளே வந்ததும் தெரியும். உள்ளே ஒன்று வந்திருந்தது. வெளியே இரண்டு போயிருந்தன. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். பிறகு அந்த வரியைத் திருத்தினாள். அப்புறம் மூன்று மாதப் பதிவை முழுக்கத் தேடினாள். அறுபத்தோரு வீடு. சில வீட்டில் வாழை முழுகியது. சில வீட்டில் தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் புகைந்தது. புகார்ப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே குறிப்பு: பயனர் இருமுறை அழுத்தினார்.

சுந்தரராஜுலு கூப்பிட்டனுப்பினார். யஷ்வந்த் ஏற்கெனவே அங்கே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

“உக்காருங்க அம்மணி. அந்த லைனைச் சரி பண்ணியாச்சுங்களா?”

“பண்ணிட்டனுங்க சார். இனி போஸ்ட்டை மறுபடி அனுப்பாதுங்க.”

“அப்பறம் என்னுங்க, இனிமே நடக்காது. நடந்ததுக்கு இதுல ஒரு கையெழுத்தைப் போட்டுக் குடுத்துப்போடுங்க.” அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் படித்தாள். “வாய்ப்பெல்லாம் இல்லீங்க சார். அந்தம்மா அழுத்துனது ஒருக்காத்தானுங்க. ரெண்டாவதா அனுப்புனது நாமதானுங்க.”

“அட, அந்தம்மா மேல கேசா போடப்போறோம்? ஒரு பேப்பருங்க, பைலுக்குள்ள கெடக்கப்போவுது. யாருக்கு என்ன ஆகப்போவுது?”

“அந்தம்மாவுக்கு ஆகுதுங்க.”

சுந்தரராஜுலு கெட்டவர் இல்லை. இதை எழுதவேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது, கெட்டவராக இருந்தால் வேலை சுலபம். சென்னியப்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு போனவர்தான் அவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அந்த லைனுக்குச் சரின்னு சொன்னது நீங்கதானுங்க அம்மணி. உங்களைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்தப் பேப்பரே.”

யஷ்வந்த் நிமிர்ந்து, “அக்கா, எழுதுனது நான்தான்” என்றான்.

“நீ எழுதுனே, நான் சரின்னேன். ரெண்டையும் போடட்டும்.” அவரைப் பார்த்துத் திரும்பினாள். “என்ற பேரைப் போட்டே எழுதுங்க சார். பி. அன்புச்செல்வி சரியாப் பாக்கலைன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன். இதுல போடமாட்டனுங்க.”

“போடலைன்னா நாளைக்கு நீங்க இங்க இருக்க முடியாதுங்க.”

“சரிங்க.”

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். என்னிடம் இந்த இடத்துக்கு அவள் பேச ஒரு நீண்ட வசனம் இருந்தது. அவள் அதைப் பேசாமலே வெளியே போய்விட்டாள். நல்லதுதான் செய்தாள்.

7

அன்று மதியமே காந்திபுரம் போய் அன்னூர் பஸ் பிடித்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று ராசம்மாளின் பதிவு. இன்னொன்று என்ன என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

சென்னியப்பன் கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் இருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராசம்மாள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பது வயதுக்காரி, மூன்று வாரத்தில் ஐம்பது ஆகிவிட்டிருந்தாள்.

“அம்மா, நீங்க ஒருக்காத்தானுங்களே அழுத்துனீங்க?”

“இல்லீங்க கண்ணு.” ராசம்மாள் தலையை ஆட்டினாள். “மொதல்ல அப்படித்தான் சொல்லீட்டு இருந்தனுங்க. எல்லாருஞ் சொல்லச்சொல்ல, ரெண்டு வாட்டிதான் அழுத்திப்போட்டனாட்ட இருக்குதுங்க. கண்ணை மூடுனா ரெண்டு வாட்டி அழுத்தற மாதிரியே தெரியுதுங்க.”

அன்புச்செல்விக்குக் கோபம் வந்தது, முதல் தாளை எடுத்தாள். பிரித்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சென்னியப்பனுக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“இது உங்க போன்ல இருந்து வந்ததுங்க. ஒண்ணே ஒண்ணுதான். இது எங்க மிஷினு அனுப்புனது. ரெண்டு. நீங்க சொன்னதை நாங்க ஒருக்காச் சொல்லீட்டு, கேக்காமயே இன்னொருக்காவும் சொல்லிப்போட்டோம். அதுக்குச் சரின்னு சொன்னது நானுங்க.”

“நீங்களா?” ராசம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். “எதுக்குங்க சரின்னீங்க?”

“சரியாப் பாக்கலீங்க.”

பரவாயில்லை கண்ணு என்று ராசம்மாள் சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. இரண்டு விரல் போன இடத்தில் அப்படிச் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்தா? தாளை எடுத்து, எழுத்து புரியாவிட்டாலும், அந்த ஒற்றை வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் இடது கையால் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு தலையணைக்கு அடியில் இருந்து அவளுடைய போனை எடுத்து நீட்டினான். “கண்டதையும் பேசிப்போட்டேன் புள்ள” என்றான்.

ராசம்மாள் போனை வாங்கிக்கொண்டாள். அன்புச்செல்வியிடம் கேட்டாள்: “எங்க ஊட்டுல மட்டுந்தானுங்களா இப்படி ஆச்சு?”

அன்புச்செல்வி இரண்டாவது தாளைக் கொடுத்தாள். அறுபது பெயர். அறுபது போன் நம்பர்.

“இத்தனை ஊட்டுலயும், நீதான் ரெண்டு வாட்டி அழுத்துனேன்னு சொல்லி வெச்சிருக்கறாங்களா?”

“ஆமாங்க.”

“அட கெரகமே!” ராசம்மாளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். “என்னையாட்டவே எவ எவ திட்டு வாங்கீட்டு மூலையில உக்காந்துருக்கறாளோ!”

8

இங்கே நிறுத்தலாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். வாடிக்கையாளர் நம்பர்களைக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவது சட்டப்படி தவறாம், கதாநாயகி அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார். தவறுதான். அவள் எடுத்துவந்துவிட்டாள், நானும் எழுதிவிட்டேன். இதை வெட்டினால் கதையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அன்புச்செல்விக்கு வேலை என்ன ஆயிற்று? மூன்று முடிவு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) வேலை போயிற்று. கீரணத்தத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயும் பிராக்ஸிதான்.

(ஆ) யஷ்வந்தும் மற்றவர்களும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து, சுந்தரராஜுலு இறங்கிவந்து—

(இ) சுந்தரராஜுலு போலீசுக்குப் போனார். அவளுடைய அப்பா பிரான்சிஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று, என் மகள் செய்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று—

பிடித்ததை முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு (ஆ) மேல் நம்பிக்கை இல்லை, (இ) மேல் ஆசை. ஆனால் ராசம்மாள் இதற்கெல்லாம் காத்திருக்கிறவள் இல்லை. அவள் வாசலுக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, “மொத நம்பரைச் சொல்லுங்க கண்ணு” என்றாள். அன்புச்செல்வி படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

அந்தப் பக்கம் யார் எடுத்தார், என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்றுக்கு யாரோ ஒருத்தியைச் சொல்லிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருப்பீர்கள். போனை எடுத்தது நீங்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“அல்லோ... ஏனுங்க, நானு அன்னூர்ப் பக்கத்துல இருந்து ராசம்மா பேசறனுங்க. என்னைய உங்களுக்குத் தெரியாதுங்க. உங்க ஊட்டுல மோட்டாரை ஓட்டுறது யாருங்க? அந்தம்மாகிட்டக் குடுங்க... குடுங்க சாமி, அவங்ககிட்டத்தான் சொல்லோணும்.”